ஆற்றின் மேல் வாய்க்கால் போன பழைய தொட்டிப்பாலம்: கொஞ்சமாவது நிற்கட்டும் என்று கேட்க வழி உண்டா?

பழைய லஸ்கர் (ஒரத்தநாடு வட்டம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வாய்க்கால் கரையைப் பார்த்து மதகைத் திறந்து மூடும் லஸ்கராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பாவும் அதே வேலையில் இருந்தவர். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலின் மதகுச் சாவி எங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேலே ஆணியில்தான் தொங்கும். அதைத் தொடக்கூடாது என்பதுதான் பிள்ளைப் பருவத்தில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் சட்டம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே அந்த வாய்க்கால் ஒரு காட்டாற்றைக் கடக்கிறது. ஆறு கீழே, வாய்க்கால் மேலே. ஏழு செங்கல் வளைவுகள், அவற்றின் மேல் நீளமாக ஒரு தொட்டி. ஊரில் தொட்டிப்பாலம் என்றுதான் சொல்வோம். தொட்டியின் ஓரச் சுவர் மேல் நடந்துதான் அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். பாதம் பட்டுப் பட்டு அந்தச் செங்கல்கள் நடுவில் குழிந்து, மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர் நிற்கும். கிழக்குக் கரைச் சுவரில் ஆண்டு பொறித்த கல் இருக்கிறது. 193 வரை படிக்க முடிகிறது. கடைசி எண் உதிர்ந்துவிட்டது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டபோது புது ஆறும் அதன் கிளைகளும் கூடவே உருவானவை என்பதால் அந்தக் காலத்துக் கட்டுமானம்தான்.

தொட்டியில் கசிவு அதிகமாகி, 20 ஆண்டுகளுக்கு முன் சற்று மேற்கே கீழ்க்குமிழி கட்டி, தண்ணீரை ஆற்றுக்கு அடியில் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து தொட்டிப்பாலம் வறண்டு நிற்கிறது. இப்போது, வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன் நடக்கும் தூர்வாரும் வேலையோடு அதையும் இடித்து அள்ளிவிடப்போவதாக ஊரில் பேச்சு.

ஒன்றரை ஆண்டுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் நானும் சரி என்று போயிருப்பேன். மகள் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் ஆறு மாதம் இருந்தோம். அக்டோபர் மாதம், மரமெல்லாம் சிவந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, உங்கள் தொழிலைச் சேர்ந்த இடம் ஒன்று இருக்கிறது" என்று மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். ஃபோர்ட் ஹண்டர் என்ற சின்ன ஊர். மோஹாக் ஆற்றில் ஸ்கோஹாரி என்ற சிற்றாறு வந்து சேரும் இடம். அதைக் கடந்து ஈரி கால்வாய் போயிருக்கிறது. 1825-இல் முடிந்த 363 மைல் கால்வாய். பாசனத்துக்கு அல்ல, படகுக்கு. கரையில் கோவேறு கழுதை நடக்கும், கயிற்றில் படகு பின்னால் வரும்.

முதலில் அங்கே பாலமே இல்லையாம். ஆற்றில் குறுக்கணை போட்டு நீரைத் தேக்கி, படகை ஆற்றுக்குள்ளேயே இறக்கி, கயிறு கட்டி அக்கரைக்கு இழுத்திருக்கிறார்கள். ஆறு பெருகினால் படகும் ஆளும் ஆற்றின் தயவில். பிறகு கால்வாயை 40 அடியிலிருந்து 70 அடிக்கு அகலப்படுத்தியபோது, ஆற்றின் மேலே 14 வளைவுகளோடு 624 அடி நீளத்துக்கு நீர்ப்பாலம் கட்டி, 1845-இல் படகு விட்டார்கள். புதிய பெரிய கால்வாய் வந்த பிறகு, 1910-களின் கடைசியில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

நான் கரையில் இறங்கிப் பார்த்தவுடன் கேட்டது, "தொட்டி எங்கே?" என்றுதான். வளைவுகள் அப்படியே வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றின் மேல் போனது தண்ணீர் அல்ல, கழுதை நடந்த பாதை. தண்ணீர் போன தொட்டி பக்கத்தில் மரத்தால் செய்து தூண்களின் மேல் வைத்தது. மரம் மக்கிப் போய்விட்டது. ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் வெறும் தூண். தூண்களில் கை வைத்துப் பார்த்தேன். வெட்டுக் கற்கள், ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே நகம் நுழையவில்லை. தண்ணீர் வரும் பக்கம் மூக்குப் போலக் கூராகச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் தொட்டிப்பாலத்தின் தூணுக்கும் அதே மூக்கு இருக்கிறது. அந்தக் கணத்தில் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் சொல்லத் தெரியவில்லை.

அந்த இடத்தை 1960-இலேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். எங்கள் பாலத்தில் இரண்டு வளைவாவது நிற்கட்டும் என்று யாரிடம், எப்படிக் கேட்பது? இதற்கு முன் நம் பக்கத்தில் யாராவது இப்படிக் கேட்டு நடந்திருக்கிறதா?

---

கடைமடை விவசாயி (பேராவூரணி பக்கம்) எழுதியது:

லஸ்கர் ஐயா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. லஸ்கர் வாய்க்கால் கரையில் நடந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்பதை அனுபவித்தவன் நான். ஆனாலும் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்தது. அள்ள முடியாத மரங்கள் ஓடையிலும் ஆற்றிலும் கிடந்தன. அடுத்த பெருமழையில் அவை மிதந்துவந்து, எங்கள் வயலுக்குக் கீழே இருந்த ஒரு பழைய வளைவுப் பாலத்தில் குறுக்கே சிக்கின. ஒரு மரம் சிக்கினால் போதும். அதன் மேல் மட்டை, அதன் மேல் வெங்காயத்தாமரை, அதன் மேல் யாரோ எறிந்த மெத்தை. விடிவதற்குள் நீர் பின்வாங்கி, பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த சம்பா நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. ஐந்தாம் நாள் வயலில் இறங்கினேன். கதிரைப் பிடித்தால் கையோடு வந்தது, ஊறிய நாற்றத்தோடு.

தண்ணீர் போகாத பாலம் ஆற்றுக்கு நடுவில் எதற்கு? வேலை செய்த காலத்தில் அது சாமி. இப்போது அது ஆற்றின் தொண்டையில் சிக்கிய முள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வடிகால் வடிய வேண்டும்.

---

பழைய லஸ்கர்:

தம்பி, நீங்கள் சொல்வது பொய்யில்லை. எங்கள் பாலத்தின் நடு வளைவுகளிலும் மழைக்காலத்தில் குப்பை அடைக்கிறது. நானே இடுப்பளவு தண்ணீரில் நின்று தொரட்டியால் இழுத்துப்போட்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அமெரிக்காவிலும் அந்த 14 வளைவுகளும் முழுதாக இப்போது நிற்கவில்லை. ஆற்றின் ஓட்டத்துக்கு வழிவிட வேண்டும் என்று 1940-களில் சில வளைவுகளை அவர்களே எடுத்திருக்கிறார்கள். அங்கே தென்னை மரத்துக்குப் பதில் பனிக்கட்டி. குளிர் முடிந்து ஆற்றின் மேல் உறைந்த பனி உடையும்போது பாளம் பாளமாக வந்து அடைக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். கரையோரம் இருப்பவை நிற்கின்றன. கடைசி வளைவு ஆற்றுக்குள் அறுந்த மாதிரி முடிகிறது. முழுப் பாலத்தையும் நான் கேட்கவில்லை. அது போலக் கரையோரம் விட்டால் போதும்.

---

பாசனப் பொறியாளர் (திருவாரூர்) எழுதியது:

ஐயா, நடுவில் மட்டும் எடுத்தால் போதும் என்பது எளிதாகத் தெரிகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இடிப்பதற்கு முன் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும்.

வளைவு தன் எடையை நேராகக் கீழே மட்டும் இறக்குவதில்லை. இரண்டு பக்கமும் வெளியே தள்ளுகிறது. பக்கத்து வளைவு எதிர்ப்பக்கமிருந்து தள்ளுவதால்தான் நடுவில் இருக்கும் தூண் நிமிர்ந்து நிற்கிறது. கூட்டத்தில் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் ஆட்களைப் போல. நடுவில் ஒருவரை இழுத்துவிட்டால் அடுத்தவர் அந்தப் பக்கம் சரிவார். ஜேசிபி வைத்து நடு வளைவை உடைத்தால், நீங்கள் காப்பாற்ற நினைக்கும் கரையோர வளைவுகள் அன்றைக்கே விழலாம், அல்லது முதல் வெள்ளத்தில் விழலாம். கீழே ஆள் நின்றால் உயிர் போகும்.

பழைய பொறியாளர்களுக்கு இது தெரியும். அதனால் நீண்ட பாலங்களில் சில வளைவுகளுக்கு ஒருமுறை ஒரு தூணை மற்றவற்றைவிடத் தடிமனாகக் கட்டுவார்கள். ஒரு பக்கம் விழுந்தாலும் அந்தத் தூண் மறுபக்கத்தைத் தனியாகத் தாங்கும். உங்கள் பாலத்தில் அப்படி ஒரு தூண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவரை வெட்டலாம். இல்லையென்றால் கடைசித் தூணுக்கு முட்டுக் கொடுக்கும் அண்டைச் சுவர் கட்டாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக்கூடாது.

இரண்டாவது, அடி அரிப்பு. நீங்கள் பார்த்த அதே ஸ்கோஹாரி ஆற்றில், அந்த நீர்ப்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு நெடுஞ்சாலைப் பாலம் இருந்தது. 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் அது இடிந்து 10 பேர் இறந்தார்கள். தூண் உடையவில்லை. தூணின் அடித்தளத்துக்குக் கீழே இருந்த மண்ணை ஆறு அரித்துக்கொண்டு போனது. பாலக் கட்டுமானம் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம் பக்கத்திலும் வெள்ளம் என்ன செய்யும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம்.

கடைமடை அண்ணன் சொல்வதற்கும் சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் காளி நதியின் மேல் கீழ் கங்கைக் கால்வாய் போகும் நத்ரை நீர்ப்பாலம். முதலில் கட்டியதில் ஆற்றுக்கு விட்ட வழி போதவில்லை. 1885 வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்துக் கட்டும்போது 60 அடி அகலத்தில் 15 கண் (ஆறு போகும் வளைவு வழி) விட்டு 1889-இல் முடித்தார்கள். அது இன்றும் நிற்கிறது. ஆற்றுக்கு எவ்வளவு கண் வேண்டும் என்பதை வெள்ளம்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆகவே நடுவில் திறப்பது சரிதான். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

---

பழைய லஸ்கர்:

பொறியாளர் தம்பி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கே நூல் கயிறும் பேரனின் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போனேன். ஆறு வறண்டு கிடப்பதால் நடு மணலிலேயே நடந்து அளக்க முடிந்தது.

ஏழு வளைவு, நடுவே ஆறு தூண். மேற்குக் கரையிலிருந்து எண்ணினால் முதல் தூண் மூன்று அடி. இரண்டாவது நான்கரை அடி. மூன்றாவதும் நான்காவதும் மூன்று அடி. ஐந்தாவது மறுபடி நான்கரை அடி. ஆறாவது மூன்று அடி. இத்தனை ஆண்டும் தினம் பார்த்த தூண்கள். இரண்டு மட்டும் பெருத்திருப்பது கண்ணில் பட்டதே இல்லை. ஐந்தாவது தூணின் மறைவில் உட்கார்ந்துதான் அப்பாவும் நானும் சோறு சாப்பிடுவோம், நிழல் அதிகம் என்று. அது ஏன் அதிகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அப்படியானால் இரண்டாம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவே உள்ள மூன்று வளைவையும், மூன்றாம், நான்காம் தூண்களையும் எடுத்துவிட்டு, இரு கரையிலும் இரண்டிரண்டு வளைவை விடலாம் என்று எனக்குப் புரிகிறது. ஆற்றின் நடு ஓட்டம் முழுதும் அந்த மூன்று வளைவுக்குள்தான். இது சரியா?

அடியிலும் பார்த்தேன். ஐந்தாம் தூணைச் சுற்றி ஒரு முழம் பள்ளம் விழுந்திருக்கிறது. அடித்தளத்துக் கல் தெரிகிறது, ஆனால் அதற்குக் கீழே கம்பி விட்டுப் பார்த்தால் நுழையவில்லை. இரண்டாம் தூணில் பள்ளம் இல்லை.

---

பாசனப் பொறியாளர்:

நீங்கள் அளந்தது அருமை, ஐயா. கட்டியவர் எதை நினைத்துக் கட்டினாரோ அதையே நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆம், வெட்டுவதென்றால் அந்த இரண்டு தடித் தூண்களுக்கு நடுவில்தான். ஆனால் நேரில் ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்து இடாமல் யாரும் தொடக்கூடாது. வளைவுகளை அடித்து உடைக்காமல், கீழே சாரம் கொடுத்துத் தாங்கி, மேலிருந்து இரு பக்கமும் ஒரே அளவாகப் பிரித்து இறக்க வேண்டும். ஐந்தாம் தூணைச் சுற்றிப் பாறாங்கல் கொட்டி அரிப்பைத் தடுக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேலையாக வருகிறேன். அவசியம் வந்து பார்க்கிறேன்.

---

வரலாற்று ஆசிரியை (மன்னார்குடி) எழுதியது:

ஐயா, யாரிடம் கேட்பது என்ற உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தொல்லியல் சின்னமாக அறிவிக்கக் கேட்பது இப்போதைக்குப் பலன் தராது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குறைந்தது 100 ஆண்டு பழமை கேட்கிறது. உங்கள் பாலத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் குறைகின்றன. அதற்குள் இடித்துவிடுவார்கள்.

கிராம சபைதான் வழி. மே 1 கூட்டம் வருகிறது. பாலத்தை நிறுத்துங்கள் என்று தீர்மானம் எழுதினால் வேலைக்குத் தடை போடுவதாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி எழுதாதீர்கள். நடுவில் மூன்று வளைவுகளை எடுத்து ஆற்றுக்கு வழிவிடுங்கள், கரையோரம் நான்கை ஊர்ப் பொறுப்பில் விடுங்கள் என்று, உங்கள் அளவுகளோடு எழுதுங்கள். கேட்பவருக்கு அது வேலையைக் குறைக்கும் யோசனையாகத் தெரியும். தீர்மான நகலோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் அலுவலகத்துக்கும் ஒரு நகல் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1966-இல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம். அதில் பள்ளிப் பிள்ளைகளோடு நடந்திருக்கிறேன். ஒரு மாணவி தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டே வந்தாள். பாடப் புத்தகத்தில் பாசனம் என்று ஒரு பக்கம் நடத்தினால் அவளுக்கு எதுவும் நினைவில் இருக்காது. டெல்டாப் பிள்ளைகளுக்குக் கல்லணையை விட்டால் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? கரிகாலன் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கல்லணையில் தொடங்கிய தண்ணீர் 148 கிலோமீட்டர் தாண்டி மும்பாலை வரை எப்படிப் போகிறது, வழியில் அக்னியாற்றையும் அம்புலியாற்றையும் எப்படிக் கடக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தண்ணீர் தண்ணீரைக் கடக்கும் இடம் என்பதே அவர்களுக்கு அதிசயமாக இருக்கும்.

இன்னொன்று. தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும், இந்த வாரமே பாலத்தை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளவெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அந்த ஆண்டுக் கல்லை நெருக்கமாக, காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். உதிர்ந்த எண்ணின் தடம் நிழலில் தெரியலாம்.

மே 1 கூட்டத்துக்கு நானும் வரலாமா?

---

கடைமடை விவசாயி:

நடு வளைவு மூன்றும் போய்விடும் என்றால் என் எதிர்ப்பு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. நிற்கிற தூண்களில் சிக்கும் மட்டையையும் குப்பையையும் ஐப்பசி பிறப்பதற்கு முன்னும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அள்ளுவது யார் வேலை என்று அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். இதை எழுதாமல் விட்டால் எல்லோரும் பார்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் மூழ்குவது ஏதோ ஒரு விவசாயியின் சம்பா.

நூறு நாள் வேலையில் சேர்க்க முடியுமா என்று உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கம் பாசனம் பெறும் விவசாயிகள் முறை வைத்துச் செய்யட்டும். என் தாத்தா காலத்தில் வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் போனார்கள்.

---

பழைய லஸ்கர்:

தம்பி, குப்பை அள்ளுவதற்கு முதல் பெயராக என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். தொரட்டி வீட்டில் இன்னும் இருக்கிறது. அக்கரைத் தெருவில் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் அந்தச் சுவர் மேல் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள்.

பொறியாளர் தம்பி நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் தூண் உறுதி என்றார். ஐந்தாம் தூணுக்குக் கல் கொட்டாமல் வேலை தொடங்கக்கூடாது என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறார். தீர்மானத்தோடு அதையும் இணைக்கிறேன். இடிக்கும் மூன்று வளைவின் செங்கல்லை என்ன செய்வது என்று கேட்டேன். கரையோர வளைவுகளில் பெயர்ந்த இடத்துக்கு அதே செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துப் பூசலாம், சிமெண்ட் மட்டும் வேண்டாம், பழைய செங்கல் மூச்சுவிட முடியாமல் பொரிந்துவிடும் என்றார்.

ஆசிரியை அம்மா சொன்னபடி இன்று காலை ஏழு மணிக்குப் பேரன் ஆண்டுக் கல்லைப் படம் எடுத்தான். நிழலில் ஒரு வளைந்த கோடு தெரிகிறது. அவன் 3 என்கிறான், எனக்கு 2 போல இருக்கிறது. படத்தை இத்துடன் சேர்த்திருக்கிறேன். கண் நன்றாகத் தெரிபவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா, மே 1 கூட்டம் காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஆலமரத்தடியில். மன்னார்குடியிலிருந்து ஒரத்தநாடு வந்து, எங்கள் ஊர்ப் பக்கம் வரும் டவுன் பஸ் ஏறுங்கள். வாய்க்கால் மதகு நிறுத்தம் என்று கண்டக்டரிடம் கேட்டால் இறக்கிவிடுவார். ஒன்பது மணிக்கே வந்தால் வெயில் ஏறுவதற்குள் பாலத்தைப் பார்த்துவிடலாம். மதகடியில் நானும் பேரனும் நிற்போம்.